தே தாரிக் நிறத்தில் ஓர் ஏரி

மாணவர்களே, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறியிருக்கிறீர்களா? ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் சாலையோரம் ஓர் ஏரி தெரியும். பலத்த மழைக்கு மறுநாள் பார்த்தால், அசல் தே தாரிக் நிறம்! அதைத் தேக்கி நிற்பது 1963-இல் இயங்கத் தொடங்கிய சுல்தான் அபு பக்கார் அணை. உயரம் ஏறத்தாழ 40 மீட்டர்.

இதன் மின்நிலையம் அணையின் காலடியில் இல்லை. ஏரி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பகாங்கிலிருந்து பேராக்கிற்குள் போகிறது. அங்கே ஐந்நூறு மீட்டருக்கும் மேல் கீழிறங்கி, ஜோரில் நிலத்தடியில் உள்ள 100 மெகாவாட் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. ஒரு கன மீட்டர் நீர் 500 மீட்டர் இறங்கினால் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும்? 1000 × 9.8 × 500, அதாவது 4.9 மில்லியன் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மில்லியன் ஜூல். வழியில் ஏற்படும் இழப்புகளைக் கழித்தாலும் ஒரு யூனிட்டுக்குக் குறையாது.

சரி, அறுபது வயதைத் தாண்டிய அணை பாதுகாப்பானதா? அணையைத் தள்ளுவது ஏரியின் பரப்பளவு அன்று, ஆழம். 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 30 டன் எடைக்கு ஈடான விசை அழுத்துகிறது. ஒரு மைவி கார் சுமார் ஒரு டன் என்று வைத்துக்கொண்டு கற்பனை செய்து பாருங்கள். பின்னால் இருப்பது சிறு குளமானாலும் பெரும் ஏரியானாலும் கணக்கு ஒன்றுதான். தேர்வில் பலர் தவறும் இடம் இது.

கான்கிரீட் அணை இந்த விசையைத் தன் எடையால் தாங்குகிறது. ஆனால் அடிப்பாறையின் இடுக்குகளில் கசியும் நீர் அணையைக் கீழிருந்து மேலே தூக்கப் பார்க்கும். எடையின் ஒரு பகுதி அதனால் பயனற்றுப் போகும். அந்த அழுத்தத்தைக் குறைக்கவே அணையின் அடியில் வடிதுளைகள் போடுகிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, கான்கிரீட்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து இத்துளைகளை அடைத்துவிடலாம். ஆகவே கசிவு திடீரெனக் குறைந்தாலும் பொறியாளர்கள் கவலைப்படுவார்கள். கசியும் நீர் கலங்கி வந்தால் இன்னும் கவலை. உள்ளிருந்து மண் அரிக்கப்படுகிறது என்று பொருள்.

ரிங்லெட்டின் பெரிய தலைவலி வண்டல். மலைச்சரிவில் காடழித்துக் காய்கறி பயிரிட்ட இடங்களில் மழை மண்ணை வாரிக்கொண்டு வருகிறது. தேயிலைச் செடி தரையை மூடி நிற்பதால் அங்கே அரிப்பு குறைவு. ஏரியின் மொத்தக் கொள்ளளவு 6.7 மில்லியன் கன மீட்டர்தான். அதில் ஏறத்தாழ 2 மில்லியன் வண்டலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. வண்டல் அந்த அளவோடு நிற்கவில்லை. அது அணையைக் கூடுதலாக நெருக்குகிறது. நீரோடு போகும் மணல் டர்பைனைத் தேய்க்கிறது. மழை நீர் தங்கும் இடமும் சுருங்கிவிடுவதால் ஏரி விரைவில் நிரம்புகிறது. பிறகு மதகைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2013 அக்டோபர் 23 அதிகாலையில் நடந்தது அதுதான். கனமழையில் ஏரி நிரம்பி, மதகுகள் திறக்கப்பட்டன. கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் பறிபோயின. அணையோ உடையவில்லை. நீரைத் திறக்காமல் வைத்திருந்து அது அணையின் மேலாக வழிந்திருந்தால், விழும் நீர் அடித்தளத்தையே அரித்திருக்கக்கூடும். மதகு இருப்பது அதற்காகத்தான். ஆனால் திறந்த நீர் போக வேண்டிய ஆறு மண்ணால் மேடாகி, கரையோர வீடுகளால் குறுகிக் கிடந்தது. அணையின் பாதுகாப்பை மட்டும் சோதித்தால் போதாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இன்று ஏரியில் இயந்திரங்கள் வண்டலை அள்ளுகின்றன. அள்ளிய மண்ணைக் கொட்டச் சமதரை வேண்டும்; மலையில் அது எளிதில் கிடைக்காது. அதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது.