பழைய கல்லறைகளைப் படம் பிடிக்கப் போறீங்களா? கைகொடுக்கும் சில குறிப்புகள்

பதுளைப் பக்கம் ஹாலிஎலயைச் சுற்றி எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாலும், தேயிலைக்கு நடுவே அடக்கம் பண்ணின இடம் ஒன்று இருக்கும். பேர் வெட்டின கல் துரைமாருக்கு. நம்ம ஆட்களுக்குப் பெரும்பாலும் ஒரு மண்மேடும் தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடியும்தான். வீட்டுக்கு வீடு போன் வந்துவிட்ட காலத்தில் இரண்டையுமே செலவில்லாமல் படமாக்கி வைக்கலாம்.

1. படுத்துக் கிடக்கிற கல்லைக் காலை வெயிலிலோ சாயங்கால வெயிலிலோ எடுங்க. கிழக்கையோ மேற்கையோ பார்த்து நிற்கிற கல்லுக்கு உச்சி வேளைதான் தோது. வெயில் எழுத்தின் மேல் சாய்ந்து விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் கட்டும், தேய்ந்த பேரும் வாசிக்க வரும்.

2. பிளாஷைப் போடவே போடாதீங்க, எழுத்தெல்லாம் தட்டையாகிவிடும். காம்பராவில் தலைவாருகிற கண்ணாடியை எடுத்துப் போய், வெயிலைப் பிடித்துக் கல்லின் பக்கவாட்டில் அடியுங்க. கண்ணாடி உடையும் என்று பயமாக இருந்தால் பளபளப்பான பிஸ்கட் டின் மூடி போதும்.

3. எழுத்து மங்கலா? பீலியில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துக் கல்லை நனைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்க. மேற்பரப்பு முதலில் காயும். பள்ளத்தில் ஈரம் நிற்பதால் எழுத்து கறுப்பாகத் தெரியும். அந்த நேரத்தில் டக்கென்று படத்தை எடுத்துவிட வேண்டும்.

4. கோதுமை மா, சோக், ஷேவிங் கிரீம் என்று கல்லில் எதையும் பூசாதீங்க. மா போட்டால் எறும்பும் பூஞ்சணமும் வந்து சேரும். தேசிக்காயும் வினாகிரியும் அதைவிட மோசம்: சலவைக்கல்லைப் புளிப்பு அரித்துவிடும், பேரும் சேர்ந்து போய்விடும்.

5. பாசியைச் சுரண்டக் கவ்வாத்துக் கத்தியோ கம்பி பிரஷோ வேண்டாம். பழைய பெயின்ட் பிரஷும் ஒரு மூங்கில் சிராயும் இருந்தால் போதும். தொட்டாலே உதிர்கிற கல்லை அப்படியே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுங்க.

6. மண்டியிடப் படங்குச் சாக்கை மடித்துக்கொண்டு போங்க. உடுப்பும் நனையாது, முட்டியும் நோகாது.

7. சிமெந்துச் சமாதிகளைச் சும்மா தாண்டிப் போகாதீங்க. ஈரம் காயும் முன்னே ஆணியால் எழுதின பேர் பலதில் இருக்கும். வரிகள் போகப்போகக் கீழே சரியும், இடம் போதாமல் கடைசி 'ன்'னின் புள்ளி கல்லின் விளிம்பில் போய் உட்காரும், ஆணி தள்ளின சிமெந்து எழுத்தின் ஓரத்தில் சின்ன வரப்பாக உறைந்து நிற்கும். கூலிக்கு வெட்டின சலவைக்கல்லை விட இதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும். எழுதினது வீட்டு ஆளின் கை. கிட்டே போய் ஒரு படமும், முழுச் சமாதியும் தெரிய ஒரு படமும் எடுங்க.

8. கல்லில் தமிழ் வருடம் மட்டும் இருந்தால் குழம்ப வேண்டாம், அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பேர் திரும்பி வரும். நந்தன என்றால் 1892, 1952, 2012 என்று சித்திரையில் தொடங்கின வருடங்கள். தை, மாசி, பங்குனியில் நடந்த சாவு என்றால் ஆங்கில வருடத்தில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்க. மார்கழிக் கடைசிக்கும் இது பொருந்தும்.

9. பேரே இல்லாத மண்மேட்டுக்குத் தனியாகப் போகாதீங்க, வயசான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்க. "இது யாரு பாட்டி?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைப் போனிலேயே பதிந்துகொள்ளுங்க. படத்தில் மேட்டோடு பக்கத்து மரம், பாறை, பீலி எதையாவது சேர்த்துப் பிடியுங்க. செடி பட்டுப்போனாலும் பாறை நிற்கும். போனில் இருப்பிடம் பதிகிற வசதியையும் போட்டுவிட்டால் மறுபடி தேடி அலைய வேண்டியதில்லை.

10. பாட்டிக்கும் பேர் ஞாபகம் வரவில்லையா? அந்த வீட்டில் தாத்தா பேரை வைத்த பேரப்பிள்ளை யார் என்று விசாரியுங்க. கல் வெட்டக் காசில்லாத குடும்பங்கள் பிள்ளைக்குப் பேர் வைத்துத்தான் ஆளை ஞாபகம் வைத்திருக்கின்றன. செக்ரோல் என்கிற தோட்டத்து ஆள்பதிவில் கணக்கப்பிள்ளை எழுதின பேர் வீட்டுப் பேரை விட வேறு மாதிரி இருக்கலாம், இரண்டையும் குறித்து வையுங்க.

11. ஒருவருக்கு ஒரே இடத்தில்தான் ஞாபகச்சின்னம் இருக்கும் என்று நினைக்காதீங்க. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1845 ஜூன் 7இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார்; கல்லறை இருப்பது நுவரெலியாவில், அவர் ஞாபகமாகக் கட்டின சென்ற் மார்க்ஸ் தேவாலயம் இருப்பது பதுளையில். ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்ட மனிதருக்கு இத்தனை மரியாதை! நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான்: கல்லறையோடு நிற்காமல், தேவாலயத்துச் சுவரில் பதித்த பலகைகளையும் கேட்டுப் படம் எடுத்துவிடுங்க.

12. வெள்ளைக்காரர் கல்லறை வாசகங்களை பென்ரி லூயிஸ் என்பவர் தொகுத்து 1913இலேயே கொழும்பில் புத்தகமாக்கிவிட்டார். அதனால் பெரிய சலவைக்கல்லுக்கு அவசரமில்லை. நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் நம்ம மேடுகளை எடுங்க. அதுக்கான பட்டியல் உங்கள் கொப்பியில்தான் எழுதப்பட வேண்டும்.

13. ஜூலை, ஆகஸ்ட் மாதம் போங்க. ஊவாவில் வெயிலும் காற்றும் அடிக்கிற காலம், பாதை வழுக்காது, அட்டையும் குறைவு. மழைக்காலத்தில்தான் போக முடியும் என்றால் காலில் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்க.

14. கல்லறை மூலையிலோ மரக்கொப்பிலோ குளவிக்கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்க. படம் இன்னொரு நாளைக்கு எடுக்கலாம். தோட்டக் காணி என்றால் தோட்டத்து ஐயாவிடமோ சங்கத் தலைவரிடமோ முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க, வீண் விசாரணை மிச்சம்.

15. புது மேட்டையும் அழுகிறவர்களையும் எடுக்க வேண்டாம். கருமாதி முடியட்டும், குடும்பத்திடம் கேட்டுவிட்டுப் போங்க. நவம்பர் 2, கத்தோலிக்கர் கல்லறையைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றுகிற நாள். அன்றைக்குப் போனால் புல் வெட்டுகிற வேலை மிச்சம், கதை சொல்லும் ஆட்களும் அங்கேயே கிடைப்பார்கள்.

16. படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எழுத்து மங்கிப்போகும், டொகியுமென்ட் ஆக அனுப்புங்க. ஒரு பிரதி மலைக்கு வெளியே, கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிற சொந்தத்திடம் இருக்கட்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தவில் மண் சரிந்தபோது லயங்களே புதைந்தன. சிலரின் உடல் கிடைக்கவே இல்லை. அப்படி ஒரு நாளில் வீட்டில் உள்ள ஆல்பமும் போய்விடும், தூரத்தில் உள்ள பிரதிதான் மிஞ்சும்.

17. சுவரில் மாலை போட்டு மாட்டின பழைய படத்தையும் விட்டுவிடாதீங்க. பிரேமை இஸ்தோப்புக்குக் கொண்டு வந்து கொஞ்சம் சாய்த்து வைத்து, நீங்கள் கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு எடுத்தால் கண்ணாடியில் உங்கள் முகம் தெரியாது. பிரேமைக் கழற்ற முடிந்தால் பின்பக்கத்தையும் எடுங்க. ஸ்டூடியோ முத்திரையும் திகதியும் அங்கேதான் இருக்கும்.