புதிய கணிப்பொறியும் தமிழ் எழுத்தும்: இல்லத்திற்கு வேண்டிய மென்பொருள்கள்

சென்ற கோடை விடுமுறையில் நம் முதுகலைத் தமிழ் மாணவர் ஒருவர் கோவைக்குச் சென்று உதிரிப் பாகங்களை விலைக்கு வாங்கி வந்து, தம் இல்லத்திலேயே ஒரு கணிப்பொறியைப் பூட்டி முடித்தார். அவர்தம் தந்தையார் திருப்பூர் பனியன் நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் சிறுதொழில் நடத்துபவர். அத்தொழிலின் கணக்கு, தங்கையின் பள்ளிப் பாடம், தம்முடைய ஆய்வுக் கட்டுரை ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரு பொறியே துணை. பூட்டிய மறுநாள் அவர் என்னிடம் வந்து, "ஐயா, இதில் எந்தெந்த மென்பொருள்களை முதலில் ஏற்ற வேண்டும்?" என்று வினவினார். ஒரு சிறு தொகை கொடுத்தால் 'எல்லாவற்றையும்' ஏற்றித் தருவதாகக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தாராம்.

தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று சிலர் எண்ணக்கூடும். என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. காரணத்தைக் கூறுகிறேன்.

2001ஆம் ஆண்டில் என் ஆய்வுக்காகத் திருமூர்த்திமலை அடிவாரத்துச் சிற்றூர்களில் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் திரட்டினேன். அவற்றைக் கணிப்பொறி அச்சகம் ஒன்றில் தட்டச்சு செய்வித்து, நெகிழ்வட்டிலும் பின்னர்க் குறுந்தட்டிலும் சேமித்து வைத்தேன். ஆய்வேட்டில் அச்சேறியவை சில. எஞ்சியவை தட்டிலேயே தங்கின. கையெழுத்துப் படிகளை, 'இனி எதற்கு?' என்று பேணாது விட்டது என் பிழை. பத்தாண்டுகள் கழித்துப் புதிய பொறியில் அக்கோப்புகளைத் திறந்தபோது தாலாட்டு இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும், அயல்நாட்டு நாணயக் குறிகளும், மேலே புள்ளியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் நிறைந்திருந்தன. பாடித்தந்த மூதாட்டியருள் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

நிகழ்ந்தது என்ன? கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். பழைய முறையில் ஓர் எழுத்துக்குரிய எண்கள் 256 மட்டுமே. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்கு உரியது. தமிழ் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்தோ பிற குறியோ இருந்த இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தனர். உள்ளே இருந்தது பிறமொழியின் எண். மேலே போர்த்திய சட்டைதான் தமிழ். சட்டை உள்ளவரை தமிழ் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத பொறிக்குப் போனவுடன் உள்ளிருப்பது வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் விருப்பப்படி எண்களை ஒதுக்கியமையால் ஓர் அச்சகத்தின் கோப்பை அடுத்த அச்சகம் படிக்க இயலவில்லை. சாயம் கெட்டிப்படாத துணியை முதற்சலவையில் இழந்த கதைதான். நம் பகுதியினருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றோர் பலர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைப் படைத்தார். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, நம் இலக்கியங்களை மின்வடிவில் இலவசமாக வழங்கினார். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஒரு பொது விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் அறிவித்தது. இவற்றுக்கிடையே, 1991இல் முதற்பதிப்பு வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்குத் தனி இடம் கிட்டியிருந்தது. அதன்படி 'அ' என்றால் உலகெங்கும் 2949. 'க' என்றால் 2965. எந்த எழுத்துருவைப் போர்த்தினாலும் உள்ளிருக்கும் எண் தமிழுக்கே உரியது. நமக்கு அண்மையிலுள்ள கோவையில் 2010ஆம் ஆண்டு சூன் திங்களில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற வேளையில், தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அனைத்து எழுத்துக் குறியீட்டு முறையான டேஸ்16 என்பதும் அவ்வாணையில் இடம்பெற்றது. மதுரைத் திட்டத்தாரும் தம் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற நேர்ந்தது. அவர்தம் உழைப்பில் ஒரு பகுதி இந்த மாற்றத்திற்கே செலவாயிற்று என்பதை இலக்கியம் பயிலும் நாம் நினைந்து பார்க்க வேண்டும்.

ஆகவே புதிய பொறியில் எந்த மென்பொருளை ஏற்றினாலும் முதல் வினா இதுவாகட்டும்: இது ஒருங்குறியில் எழுதுகிறதா? சோதிப்பது எளிது. ஒரு வரியைத் தட்டச்சு செய்து அதனை வேறொருவர் கைப்பேசிக்கு அனுப்புக. அங்கும் தமிழாகவே தெரிந்தால் நன்று.

இன்னொரு சோதனையும் உண்டு. தமிழ் மாணவர்க்கே உரியது. மரம், மலை, மழை, மனம் என்னும் நான்கு சொற்களையும் கலைத்துக் கொடுத்து அகரநிரலில் அடுக்கச் சொல்லுக. நம் நெடுங்கணக்கின்படி இதுவே சரியான வரிசை. ஆனால் ஒருங்குறியில் னகரத்தை நகரத்தின் அடுத்த இடத்தில் வைத்துவிட்டனர். எண்ணை மட்டும் நம்பி அடுக்கும் மென்பொருள் 'மனம்' என்பதை முதலில் கொண்டுவந்து நிறுத்தும். சொல்லடைவு தொகுக்கும் ஆய்வாளர் இதனை அறியாவிட்டால் அடைவு முழுவதும் பிறழும். தமிழ் வரிசையை அறிந்த மென்பொருளே நமக்கு ஏற்றது.

விசைப்பலகையைப் பொறுத்தவரை என் பரிந்துரை தமிழ்99. உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் வருமாறு அமைந்த அதில் 31 விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் எழுதலாம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளி இடும். இலக்கணம் கற்ற கைகளுக்கு இது இயல்பாகவே வரும். ஆங்கில ஒலிப்பெயர்ப்பில் தட்டுவோரை நான் குறை கூறவில்லை. எனினும் 'அம்மா' என்று எழுத ஆங்கிலத்தில் எண்ணிப் பழகுவது தமிழ் மாணவர்க்கு அழகன்று. எ-கலப்பை, என்.எச்.எம். எழுதி ஆகியவை இலவசமாகக் கிட்டுபவை. விண்டோசிலேயே 2019 முதல் தமிழ்99 இடம்பெற்றுள்ளது.

இனி, கடைக்காரர் ஏற்றித் தருவதாகச் சொன்ன 'எல்லாம்' குறித்து ஒரு சொல். விலை கொடாது நகலெடுத்த மென்பொருள் பிறர் உழைப்பைக் கவர்தலே. தைத்துக் கொடுத்த கூலி வராவிடில் தம் தந்தையார் படும் துயரை அம்மாணவர் நன்கு அறிவார். ஆதலால் நான் மேலும் விளக்கவில்லை. அதில் இடரும் உண்டு. பூட்டுடைத்த பிரதிகளோடு நச்சுநிரல் கலந்து வருவது வழக்கம். பாதுகாப்புத் திருத்தங்களும் அவற்றுக்கு ஒழுங்காக வந்து சேர்வதில்லை. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வானாக்ரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது சிக்கியவை, இரு மாதங்களுக்கு முன்பே வெளியான திருத்தத்தை ஏற்றாதிருந்த பொறிகளே. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்துவிட்டமையால் அதனைப் புதிய பொறியில் ஏற்றுவது பொருந்தாது. விலை கொடுக்க இயலுமாயின் முறையான உரிமத்துடன் விண்டோஸ் 11, இயலாதெனில் லினக்ஸ். தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இடம்பெற்றிருந்ததைப் பலரும் அறிவர். திறந்து பார்த்தோர்தாம் சிலர்.

எழுதுவதற்கும் கணக்கிற்கும் லிப்ரே ஆபீஸ் போதும். அது இலவசம், அதன் கோப்பு வடிவம் 2006 முதல் பன்னாட்டுத் தரமாக விளங்குவது. நாளை அம்மென்பொருளே மறைந்தாலும் கோப்பைப் படிக்கும் வழி வெளிப்படையாக இருக்கும். சீறாப்புராணத்தை ஆய்வோர் தமிழ் வரியின் நடுவே அரபுச் சொல்லை அதற்குரிய எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதவும் அதில் இயலும். எஞ்சியவற்றை விரைந்து சொல்லிவிடலாம்: உலாவ பயர்பாக்ஸ், ஒலி ஒளிக்கு வி.எல்.சி.; நச்சுத்தடுப்புக்கு விண்டோசுடன் வருவதே இல்லத்திற்குப் போதுமானது. பொறியை விரைவாக்குவதாகக் கூறி வரும் துப்புரவு மென்பொருள் எதுவும் வேண்டா.

கோப்புகளுக்கு மற்றொரு படி வேறொரு வட்டில், முடிந்தால் வேறொரு வீட்டில் இருத்தல் வேண்டும். மின்தடை மிகுந்த ஊர்களில் மின்கல இருப்புப் பெட்டிக்கும் சிறிது பணம் ஒதுக்குக.

நான் சொன்னவற்றை ஏற்றி முடித்த அம்மாணவர் என் பழைய குறுந்தட்டைக் கேட்டு வாங்கிச் சென்றார. வழக்கமான எழுத்துருக்களுக்கு மாற்றிகள் உண்டு. என் அச்சகத்தார் பயன்படுத்தியது அவற்றுள் எதிலும் அடங்கவில்லை. ஆய்வேட்டில் அச்சான பாடல்களையும் கோப்பில் தெரிந்த குறிகளையும் எதிரெதிரே வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என அவரே அட்டவணை வகுத்தார். பெரும்பாலான தாலாட்டுகள் மீண்டுவிட்டன. ஒப்பாரிகளில் சிலவற்றில் ணகரமும் னகரமும் ஒரே குறியாகச் சிதைந்துள்ளன. அவற்றை அவ்வூர்களுக்கே எடுத்துச் சென்று, அப்பாட்டைக் கேட்டு வளர்ந்த பேத்தியரிடம் படித்துக்காட்டித் திருத்தி வருகிறோம்.