விடியலுக்கு முன் தொடங்கும் விடியல்

குருபூர்ணிமை அன்றோ புத்தாண்டின் முதல் நாளிலோ சாதகர்கள் பலர் ஒரு சங்கற்பம் செய்துகொள்கின்றனர்: "நாளை முதல் அதிகாலை 4 மணிக்கு எழுவேன், ஜபம், தியானம், ஆசனம் அனைத்தையும் தவறாமல் செய்வேன்." முதல் வாரம் உற்சாகமாகக் கழிகிறது. இரண்டாம் வாரம் பகலில் கண்கள் சொருகுகின்றன. சிறு சொல்லுக்கும் சினம் எழுகிறது. மூன்றாம் வாரம் மணி அடித்ததும் கை தானாக நீண்டு அதை நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு வரும் எண்ணம்தான் உண்மையில் தீங்கானது: "எனக்கு மன உறுதி இல்லை, ஆன்மிக வாழ்வு எனக்கு உரியதன்று."

இவ்வாறு மனம் தளர்ந்து ஒதுங்கியவர்கள் நம்மிடையே குறைவல்லர். அவர்களிடம் குறைந்திருப்பது உறுதிதானா, அல்லது முறையா? இந்த மாதப் பாடத்தில் இதனை ஆராய்வோம்.

பிராம்ம முகூர்த்தம் என்பது எந்த நேரம்?

ஓர் இரவை நம் முன்னோர் 15 முகூர்த்தங்களாகப் பகுத்தனர். பகலும் இரவும் சமமாக உள்ள நாளில் ஒரு முகூர்த்தம் 48 நிமிடங்கள். இரவின் பதினான்காம் முகூர்த்தமே பிராம்ம முகூர்த்தம். அதாவது, வழக்கமான கணக்கின்படி, சூரியோதயத்துக்கு 96 நிமிடங்களுக்கு முன் தொடங்கி 48 நிமிடங்களுக்கு முன் நிறைவு பெறும் காலம் அது.

இக்கணக்கு சூரியனைக் கொண்டு அமைந்தது; கடிகாரத்தைக் கொண்டு அமைந்ததன்று. பாரதம் முழுவதற்கும் கடிகார நேரம் ஒன்றே. சூரியோதயமோ இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஜூன் மாத நடுவில் கொல்கத்தாவில் ஏறத்தாழ 4.50 மணிக்கே கதிரவன் எழுகிறான். அதே நாளில் மும்பையில் 6 மணி ஆகிறது. தில்லியில் ஜனவரி நடுவில் சூரியோதயம் ஏறத்தாழ 7.15 மணிக்கு. ஆகவே அங்கே அப்பருவத்தில் பிராம்ம முகூர்த்தம் 5.40 மணி அளவில் தொடங்கி 6.25 மணி அளவில் முடிகிறது. கடுங்குளிரில் 4 மணிக்கு எழ இயலவில்லையே என்று தில்லி அன்பர் ஒருவர் வருந்தினால், அவ்வருத்தத்துக்குச் சாஸ்திரத்தில் இடமில்லை.

யாருக்குக் கூறப்பட்டது?

வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹ்ருதயத்தின் சூத்திரஸ்தானத்தில் இரண்டாம் அத்தியாயம் தினசரி ஒழுக்கத்தைக் கூறுவது. பிராம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்னும் விதியுடனேயே அது தொடங்குகிறது. அவ்விதி யாரை நோக்கியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உடல்நலம் உடையவனை நோக்கியே ஆசிரியர் பேசுகிறார். ஆயுளைக் காப்பதையே பயனாகக் கூறுகிறார். எழுந்தவன் முதலில் தன் உடலின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் கூறுகிறார். அதன் பின்னரே பல் துலக்குதல், எண்ணெய் தேய்த்தல், உடற்பயிற்சி, நீராடல் முதலியன வருகின்றன. உடற்பயிற்சியிலும் அளவு உண்டு. வலிமை உடையவன்கூடக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தன் ஆற்றலில் பாதியளவே பயில வேண்டும். பிற பருவங்களில் அதனினும் குறைவாக.

ஆகவே, நோயுற்றவர், முதியவர், கைக்குழந்தையுடன் இரவெல்லாம் விழித்திருக்கும் தாய், இரவுப் பணி முடித்து விடியலில் வீடு திரும்பும் செவிலியர் ஆகியோர் உறக்கத்தைத் துறந்து எழ வேண்டும் என்று இந்நூல் கட்டளையிடவில்லை. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் (சுலோகங்கள் 16, 17) பகவான் கூறுவதும் இதற்கு இசைந்ததே. மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதிருப்பவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதிருப்பவனுக்கும் யோகம் கைகூடுவதில்லை என்பது அங்கு விளக்கப்படும் கருத்து. உறக்கத்தைக் கெடுத்துச் செய்யும் தியானம், தியானத்தின் வடிவில் வரும் உறக்கமாகவே முடிகிறது.

சபர்மதி ஆசிரமத்தின் மாலை மணி

காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்தில் அதிகாலை 4 மணிக்கு எழுப்பும் மணி ஒலித்தது. சிறிது நேரத்தில் ஆற்றங்கரையில் பிரார்த்தனை தொடங்கியது. இதனைப் பலரும் அறிவர். அந்த ஆசிரமத்தின் கால அட்டவணையில் மற்றொரு மணியும் இருந்தது. அது இரவு 9 மணிக்கு ஒலித்த உறங்கும் மணி. மாலை உணவு 6 மணிக்குள் முடிந்தது. 7 மணிக்குக் கூட்டுப் பிரார்த்தனை. ஒன்பதிலிருந்து நான்கு வரை ஏழு மணி நேரம் உறக்கத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதிகாலை மணியைத் தாங்கி நின்றது இந்த இரவு மணியே. நாம் முதல் மணியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம். இரவு 10 மணிக்கு உண்டு, நள்ளிரவு வரை திரையைப் பார்த்திருந்து, 4 மணிக்கு எழ முயல்கிறோம். தளர்வது உறுதியின் குறைவால் அன்று. அடித்தளம் இன்றிச் சுவர் எழுப்பியதால்.

1930ஆம் ஆண்டு எரவாடா சிறையில் இருந்தபோது, காந்தியடிகள் ஆசிரமவாசிகளுக்கு விரதங்களைப் பற்றி வாரந்தோறும் கடிதம் எழுதினார். செவ்வாய்க்கிழமைகளில் காலைப் பிரார்த்தனைக்குப் பின் எழுதப்பட்டமையால் அக்கடிதங்களின் குஜராத்தித் தொகுப்பு 'மங்கள் ப்ரபாத்' என்று பெயர் பெற்றது. 'மங்கள்' என்பது செவ்வாய்க்கிழமையையும் குறிக்கும், மங்கலத்தையும் குறிக்கும். சிறைக் கொட்டடியிலும் ஒரு விடியலை மங்கலமாக்க முடிந்ததெனில், நம் இல்லங்களில் அது இயலாததன்று.

இன்றைய அறிவியல் கூறுவது

உடலுக்குள் இயங்கும் காலக்கடிகாரத்தின் நுண்முறையைக் கண்டறிந்தமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் மூளையில் உள்ள தலைமைக் கடிகாரம் கண்களின் வழியே வரும் ஒளியைக் கொண்டு நாள்தோறும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. காலை ஒளி அதனை முன்னோக்கி நகர்த்துகிறது. இரவில் பட்டொளி அதனைப் பின்னுக்குத் தள்ளி, உறக்கத்துக்குத் துணைபுரியும் மெலடோனின் சுரப்பையும் குறைக்கிறது. எனவே, இரவில் விளக்கையும் திரையையும் குறைப்பதும், காலையில் திறந்த வெளியில் சிறிது நேரம் நிற்பதும் ஒரே சாதனையின் இரு பகுதிகள். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. வளரிளம் பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரம். பிள்ளைகளைப் பிரார்த்தனைக்கு எழுப்ப விரும்பும் பெற்றோர், அவர்கள் உறங்கச் செல்லும் நேரத்தை முதலில் சீர்செய்ய வேண்டும்.

நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரம்: எழும் நேரத்தை மாற்ற வேண்டா. இரவு உணவை அரை மணி நேரம் முன்னதாக முடிக்கவும். படுக்கும் முன் அரை மணி நேரம் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் விலக்கி, அன்றைய நாளை இறைவனிடம் ஒப்படைத்து உறங்கவும்.

இரண்டாம் வாரம்: படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் கால் மணி நேரம் முன்னே கொண்டுவரவும். விடுமுறை நாளிலும் இந்நேரம் மாற வேண்டா.

மூன்றாம் வாரம்: எழுந்தவுடன் செய்வனவற்றை ஒரே வரிசையில் அமைக்கவும். படுக்கையில் அமர்ந்து ஒரு நிமிடம் இறைநினைவு, காலைக்கடன், ஒரு குவளை நீர், பத்து நிமிடம் எளிய ஆசனங்கள், ஐந்து நிமிடம் அமைதியான சுவாசம், பத்து நிமிடம் ஜபம் அல்லது தியானம். இவை முடியும்வரை செய்தித்தாளும் கைப்பேசியும் வேண்டா. உலகம் நம்மிடம் பேசும் முன் நாம் இறைவனிடம் பேசிவிட வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

நான்காம் வாரம்: மேலும் கால் மணி நேரம் முன்னே வரவும். இவ்வாறு படிப்படியாக உங்கள் ஊரின் பிராம்ம முகூர்த்தத்தை நெருங்கலாம். உறக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் அங்கேயே நின்றுவிடவும்.

இங்கு சில எச்சரிக்கைகள் தேவை. குளிர்காலத்தில் வட இந்திய நகரங்களில் அதிகாலைக் காற்றில் மாசு மிகுந்திருப்பதால், நடைப்பயிற்சியை வெயில் ஏறிய பின் வைத்துக்கொள்வது நன்று. இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் இன்சுலின் எடுத்துக்கொள்பவர்களும் வெறும் வயிற்றில் உடற்பயிற்சி செய்யும் முன் மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். இரவுப் பணியில் உள்ளோர், தாம் உறங்கி எழும் வேளை எதுவாயினும் அதனையே தம் விடியலாகக் கொண்டு இதே வரிசையைப் பின்பற்றலாம்.

தவறிய நாள்

எவ்வளவு கவனமாக இருப்பினும் சில நாட்கள் தவறும். விருந்தினர் வருவர், குழந்தைக்குக் காய்ச்சல் வரும். அன்று முழுப் பயிற்சி இயலாவிடினும், படுக்கையில் அமர்ந்து செய்யும் அந்த ஒரு நிமிட இறைநினைவை மட்டும் விட வேண்டா. நீண்ட காலம், இடைவிடாது, சிரத்தையுடன் செய்யப்படும் பயிற்சியே உறுதியாக வேரூன்றும் என்று பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் முதற் பாதத்தில் விளக்குகிறார். பயிற்சியின் அளவைப் பற்றி அவர் அங்கே ஏதும் கூறவில்லை. ஒரு நிமிடமாயினும் நாள்தோறும் நிகழ்வது இடைவிடாதது ஆகும்.

சிந்தனைக்கு

1. உங்கள் ஊரில் இம்மாதம் சூரியோதயம் எப்பொழுது? பிராம்ம முகூர்த்தம் எப்பொழுது தொடங்குகிறது?

2. உங்கள் காலை அமைதியைக் குலைப்பது முந்தைய இரவின் எந்தச் செயல்?

3. உங்கள் இல்லத்தில் யாருடைய உறக்கத்தை இழப்பாகக் கொடுத்து உங்கள் காலை அமைகிறது? அவருடைய சுமையில் ஒன்றை நீங்கள் ஏற்க இயலுமா?

மூன்றாவது வினாவைச் சத்சங்கக் குழுக்கள் சிறிது நேரம் எடுத்து ஆராய்க. ஒருவர் தியானத்தில் அமர்ந்திருக்க, மற்றொருவர் அதே வேளையில் சமையலறையில் தனியே உழல்வாராயின், அவ்வீட்டின் விடியல் இன்னும் அமைதி பெறவில்லை. காய்களை முதல் நாள் இரவே இருவருமாக நறுக்கி வைத்தால், மறுநாள் காலையில் இருவரும் பூஜையறையில் சேர்ந்து அமரலாம்.