இரவு பத்து மணிக்குப் பின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்

கேள்வி: சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாசகர் ஒருவர், பிக்கப் பொருத்திய அகௌஸ்டிக் கிட்டாரைச் சிறிய ஆம்ப்ளிஃபயரில் இணைத்து இரவில் பயிற்சி செய்கிறார். இது ஒலிபெருக்கி அல்ல என்பது அவர் வாதம். காவல் துறையில் புகார் அளிக்கப்போவதாகப் பக்கத்து வீட்டார் கூறுகின்றனர். அதற்குச் சட்டத்தில் இடமுண்டா?

பதில்: இடமுண்டு. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் இயற்றப்பட்ட ஒலி மாசு விதிகள், 2000, ஒலிபெருக்கியை மட்டுமே குறிப்பிட்டிருந்தால் வாசகரின் வாதத்துக்கு ஓரளவு வலு இருந்திருக்கலாம். ஆனால் 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரவு நேரத் தடை, அதாவது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான தடை, இசைக்கருவியையும் ஒலிப் பெருக்கிக் கருவியையும் பெயர் சொல்லியே உள்ளடக்குகிறது. ஆகவே ஒயரைக் கழற்றிவிட்டு வெறும் கிட்டாரை வாசித்தாலும் அது விதியின் சொற்களுக்குள் வரும். மூடிய இடங்களுக்கு விலக்கு உண்டெனினும், விதி காட்டும் உதாரணங்கள் அரங்கம், சமுதாயக் கூடம் போன்றவையே என்பதால், படுக்கையறையை அவற்றோடு சேர்க்க வாதிடலாமே தவிர, அதை நம்பி வாசிப்பது விவேகமன்று.

பகல் நேர நிலை வேறு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்(ஏ), அதாவது மனிதச் செவியின் உணர்திறனுக்கேற்பச் சீர்செய்த ஒலி அளவு, வரம்பாக உள்ளது. தனியார் ஒலிக் கருவியின் ஓசை அந்த இடத்தின் எல்லையில் இவ்வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் ஒலி மாசு வழக்கில் வகுத்த நெறி, இன்று விதியிலேயே இடம்பெற்றுள்ளது. தனியார் கருவிக்கு இப்படித் தனி வரம்பு வகுக்கப்பட்டிருப்பதால், வீட்டுப் பயிற்சிக்கு முன் அனுமதி தேவையில்லை என்று கொள்வதே பொருத்தம். பகலில் இவ்விதிகளின்படி புகார் அளிக்க, ஓசை வரம்பை 10 டெசிபலாவது மிஞ்ச வேண்டும். இரவிலோ தடையை மீறினாலே போதும்.

சிக்கல் ‘எல்லை’ என்பதில் இருக்கிறது. மதில் சூழ்ந்த தனி வீட்டுக்கு அது எளிதாகப் பொருந்தும். இரு வீடுகளுக்குப் பொதுவான சுவரில் எங்கே அளப்பது என்பதை விதி தெளிவுபடுத்தவில்லை. போதாக்குறைக்கு, தரையில் வைத்த ஆம்ப்ளிஃபயரின் தாழ்சுருதி அதிர்வு கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும்; டெசிபல்(ஏ) அளவீடு தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தே மதிப்பதால், கருவி காட்டும் எண்ணைவிடக் கீழ்வீட்டார் படும் தொல்லை அதிகமாயிருக்கும். அத்தகைய நிலையில் அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் தனியார் தொல்லை என்ற அடிப்படையில் தடையாணை கோரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-ஆம் பிரிவு கூறும் பொதுத் தொல்லை, அக்கம்பக்கத்துப் பொதுமக்களைப் பாதிப்பதாக இருக்க வேண்டுமென்பதால், ஒரே வீட்டாரின் குறை அதற்குள் எளிதில் அடங்காது.

இரவுப் பயிற்சிக்கு ஹெட்போன் இணைப்புள்ள ஆம்ப்ளிஃபயர் உதவும். அதில் ஹெட்போனைச் செருகினால் பொதுவாக ஸ்பீக்கர் ஓய்ந்துவிடும். புகாரின் பேரில் அதிகாரி தடை விதிப்பதாயின் அது எழுத்து மூலமான ஆணையாக இருக்க வேண்டும்; அதை மாற்றவோ நீக்கவோ கோரி வாசகர் விண்ணப்பித்தால், அவர் தரப்பைக் கேட்ட பிறகே அந்த விண்ணப்பம் முடிவு செய்யப்பட வேண்டும்.