9999 ஆட்டங்களும் ஒளிந்திருந்த சிலவும்

திருவாலங்காடு போன்ற கோயில் ஊர்களின் திருவிழாக் கடைகளில், பலூனுக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் நடுவே தொங்கிய பிரிக் கேம் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியின் பெட்டியில் ‘9999 இன் 1’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அத்தனை ஆட்டங்களும் உள்ளே இருக்கின்றன, பொத்தான்களை அழுத்தும் சரியான வரிசை தெரியாததால்தான் அவை கண்ணில் படவில்லை என்ற நம்பிக்கை அதனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளிடம் ஊறிப்போயிருந்தது. அந்த எண்ணைப் பொய் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது பிறந்த கணக்கோ அதைவிடச் சுவையானது.

குறுக்கே 10, நெடுக்கே 20 என 200 கட்டங்கள் கொண்ட அந்தத் திரையில் விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ், டாங்கிச் சண்டை, கார்ப் பந்தயம், பாம்பு, சாலையைக் கடக்கும் தவளை எனச் சில ஆட்டங்களே இருந்தன. ஆனால் ஒவ்வொன்றையும் தொடங்கக்கூடிய ஒவ்வொரு வேகத்தையும் ஒவ்வொரு நிலையையும் தனித்தனி ஆட்டமாக எண்ணினால், 20 ஆட்டங்களும் 10 வேகங்களும் 10 நிலைகளும் பெருகி 2000 ஆகிவிடும். அதற்கு மேற்பட்டது அச்சடித்தவரின் தாராளம் என்றே கொள்ள வேண்டும். பெட்டியில் எண் ஏறிய அளவுக்கு உள்ளிருந்த சிப்பு வளரவில்லை.

உண்மையான புதுமை ஒளிந்திருக்கவே இல்லை. சில கருவிகளில் ஆட்டத் தேர்வின் எழுத்துகளை மாற்றிக்கொண்டே போனால் டெட்ரிஸின் வேறு வடிவங்கள் வரும். அவற்றுள் ஒன்றில் ஒற்றைக் கட்ட அளவுள்ள ஒரு புள்ளி விழுந்து, ஏற்கெனவே நிரம்பிய கட்டங்களை ஊடுருவிச் சென்று அடியில் மூடிக்கிடந்த ஓட்டையை அடைக்கும்.

ரகசிய முறைகள் எல்லாமே கட்டுக்கதை என்று மறுகோடிக்குப் போவதும் தவறு. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ், 1989இல் நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கு வந்தபோது, முகப்புத் திரையில் கீழ்நோக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே தொடக்கப் பொத்தானைத் தட்டினால் நிலை எண்ணின் அருகே ஓர் இதயக் குறி தோன்றி, கட்டைகள் பத்து நிலை கூடுதலான வேகத்தில் விழுந்தன. அதே ஆண்டு அதே நிறுவனம் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவிக்கு வெளியிட்ட பதிப்பிலோ, இருவர் ஆடும் முறை ஒன்று பாதியில் கைவிடப்பட்டு நிரலுக்குள் கிடக்கிறது. எந்தப் பொத்தான் வரிசையும் அதைத் திறக்காது, நிரலையே இடைமறித்து மாற்றும் தனிக் கருவி வேண்டும். முன்னது வைத்த புதையல், பின்னது கட்டடம் முடிந்தபின் கூட்டித்தள்ள மறந்த செங்கல். இவ்விரண்டையும் ‘ரகசியம்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதிலிருந்தே குழப்பம் பாதி வருகிறது.

புதையல் வைக்கும் கலை முழுமை பெற்றது காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களில்தான். 1998இல் ஜப்பானின் அரிகா நிறுவனம் உருவாக்கிய ‘டெட்ரிஸ் தி கிராண்ட் மாஸ்டர்’ இயந்திரத்தில், கைப்பிடியையும் பொத்தான்களையும் குறித்த வரிசையில் இயக்கினால் கட்டைகள் இருமடங்கு பெரிதாகும் முறையும், கட்டை போய் அமரும் இடத்தை நிழலாகக் காட்டும் உதவியை 100ஆம் நிலையோடு நிறுத்தாமல் இறுதிவரை நீட்டிக்கும் முறையும் திறக்கும். ‘20ஜி’ என்னும் இன்னொரு முறையில் கட்டை விழுவதே தெரியாது. நொடிக்கு 60 முறை மாறும் திரையின் ஒரே மாற்றத்தில் 20 வரிசைகளையும் கடந்து தரையில் நிற்கும். இந்த வேகம் இயல்பான ஆட்டத்திலும் 500ஆம் நிலையில் வந்தே தீரும் என்பதால், ரகசிய முறை என்று பெயர் பெற்றாலும் அது உண்மையில் பயிற்சிக்கூடமே.

ஆயினும் அந்த இயந்திரம் மிக ஆழமாக மறைத்து வைத்தது ஒரு நிபந்தனையை. 999ஆம் நிலையைத் தொட்டவர் உச்சப் பட்டத்தைப் பெற்றுவிடுவார் என்று தோன்றும். ஆனால் 300, 500 ஆகிய நிலைகளை முறையே 4 நிமிடம் 15 நொடிக்குள்ளும் 7 நிமிடம் 30 நொடிக்குள்ளும், முழு ஆட்டத்தை 13 நிமிடம் 30 நொடிக்குள்ளும், ஒவ்வொரு இடத்திலும் போதிய புள்ளிகளோடு கடந்தவருக்கே அது ‘கிராண்ட் மாஸ்டர்’ பட்டம் அளித்தது. முதல் தடையில் ஒரு நொடி தாமதித்தவரையும் அது நிறுத்தாமல் கடைசிவரை ஆடவிட்டு, ஒரு படி குறைவான தரத்தைக் காட்டிவிட்டு அடுத்த காசுக்குக் காத்திருந்தது.