வெள்ளக் காலமும் வீட்டுச் சேமிப்பும்

நாளைக்கென்று எடுத்து வைப்பது தவக்குலுக்கு மாற்றமல்லவா என்று சிலர் வினவுகின்றனர். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நெருங்கும்போது பெருங்குடிவாசிகளுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இராது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி இது. 2015 டிசம்பர் பெருமழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் இல்லையேல் மோட்டார் ஓடாது, மேல்தொட்டி வற்றிவிடும். சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீர் இராது.

கேள்விக்கு விடை எளிது. நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை எடுத்து வைத்ததாக உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. பஞ்சத்தை எதிர்நோக்கித் தானியத்தைக் கதிரோடு விட்டுவைக்க யூசுப் (அலை) அவர்கள் கூறியதைத் திருக்குர்ஆனின் 12வது அத்தியாயத்தில் காண்கிறோம். தவக்குலில் இவர்களை மிஞ்சியவர் யார்?

பதுக்கல் வேறு. விலை ஏறிய நேரத்தில் உணவை வாங்கி, இன்னும் ஏறட்டும் என்று விற்காமல் வைப்பதே ஹராமான இஹ்திகார் என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள். வீட்டுத் தேவைக்கு வாங்கி வைப்பது அதில் சேராது. 2015 வெள்ளத்தில் பால் பாக்கெட் பல மடங்கு விலைக்குப் போனதை யாவரும் அறிவர். கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, தாய்மார்கள் அதிகம் தடுமாறும் இடத்திற்கு வருவோம். இருப்பதோ இரண்டு குடம் நல்ல தண்ணீர். தொழுகை நேரம் வந்துவிட்டது. ஒளுச் செய்வதா, பிள்ளைகளுக்கு வைப்பதா? தண்ணீரை மிச்சப்படுத்தித் தயம்மும் செய்வது ஈமானின் குறைவு என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. தாகத்திற்குத் தேவைப்படும் தண்ணீரில் ஒளுச் செய்வது கூடாது; தயம்மும்தான் செய்ய வேண்டும். இப்போது தாகம் இல்லை, நாளைக்குத் தேவைப்படும் என்றாலும் இதே சட்டம்தான். தாகித்திருப்பவர் பக்கத்து வீட்டு மாற்று மத அன்பராயினும் சரி, வாசலில் கட்டிய ஆடாயினும் சரி.

வாசலில் நிற்கும் வெள்ளத்தில் ஒளுச் செய்யலாமே என்பீர்கள். தண்ணீர் பெருவாரியாக இருந்தால், நஜீஸ் விழுந்தாலும் அதன் நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை சுத்தமானதே. ஆனால் நகரத்து வெள்ளத்தில் சாக்கடை கலந்து நாறுவதை மூக்கே சொல்லிவிடும். நஜீஸினால் மாறிய தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் உதவாது.

சரி, தயம்முமுக்கு மண் எங்கே? ஊரெல்லாம் சேறு. ஷாபிஈ மத்ஹபில் புழுதியுள்ள சுத்தமான மண் வேண்டும். (ஹனபி மத்ஹபினருக்குக் கல்லிலும் கூடும்; அவர்கள் பாடு எளிது.) தண்ணீரும் மண்ணும் இரண்டும் கிடைக்காதவர் நேரத்தின் கண்ணியத்துக்காக அப்படியே பர்ளைத் தொழுது, பிறகு மீட்டித் தொழ வேண்டிவரும்.

ஆகவே அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி, மருந்தோடு, மாவோ சாம்பலோ கலவாத மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்தபின் தனித் தயம்மும்: நிய்யத்துடன் ஒருமுறை தட்டி முகம், மறுமுறை தட்டி முழங்கைவரை. டப்பாவைப் பரணில் வையுங்கள். கீழ்த்தட்டில் வைத்தால் முதல் நாளே நனைந்துவிடும்.