பாலமுனையின் வரைபடத்தை யார் வரைவது?

அன்பின் மகளுக்கு,

தோழிகளோடு சேர்ந்து நமது பாலமுனை ஊரின் வீதிகள், பஸ் தரிப்பிடங்கள், வடிகான்கள் எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்ற நினைப்பதாகவும், “அது பிரதேச சபை பார்க்க வேண்டிய வேலை” என்று வீட்டில் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். வீட்டார் சொன்னதில் பாதி சரி. வீதி போடுவதும் வடிகான் துப்புரவு செய்வதும் சபையின் வேலைதான். ஆனால் எந்த வீதி உடைந்திருக்கிறது, எந்த வடிகானில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்ற விபரம் சபைக்கு மட்டும் சொந்தமானதல்ல. அந்த விபரத்தை ஊரார் தாங்களே திரட்டி எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்காதவரை, சபையிடம் நாம் சொல்வதெல்லாம் வாய்மொழி முறைப்பாடாகவே போய்விடும். அதனால்தான் இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும் என்கிறேன்.

இதற்கு உதாரணங்கள் உண்டு. யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தை ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 26 இல் சுனாமியாகக் கடல் ஏறி வந்து நமது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. காணாமற்போனோர் விபரத்தையும் முகாம் விபரத்தையும் ஒழுங்குபடுத்த அப்போது நமது இலங்கை மென்பொருள் தொண்டர்கள் ‘சஹானா’வை எழுதினார்கள், பின்னர் வேறு நாடுகளும் அதை எடுத்துப் பயன்படுத்தின. 2010 ஜனவரியில் ஹெயிட்டியில் நிலம் அதிர்ந்தபோது, உலகின் பல மூலைகளிலும் இருந்த தொண்டர்கள் செய்மதிப் படங்களைப் பார்த்துத் தலைநகரின் வீதிகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து கொடுத்தார்கள். அதற்குச் சில வருடங்களின் பின், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் மட்டக்களப்பில், மண்முனை வடக்கில், இதே திறந்த வரைபடத்தில் 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை ஏற்றுவித்தன. வெள்ளம் வந்தால் எந்தக் கட்டடம் எவ்வளவு பாதிக்கப்படும் என்று கணக்கிடுவதே நோக்கம். பக்கத்து மாவட்டத்தில் முடிந்தது நமக்கு முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். மட்டக்களப்பில் நடந்தது ஒரு திட்டம். திட்டத்துக்கு நிதி உண்டு, முடிவுத் திகதியும் உண்டு. ஊருக்கு முடிவுத் திகதி இல்லை. மதில் எழும்பும், ஒழுங்கை கொங்றீட் வீதியாகும், பஸ் நிற்கும் இடம் ஐம்பது யார் தூரம் தள்ளிப்போகும். போக்குவரத்து விடயத்தில் இது இன்னும் கடுமை. கென்யாவின் நைரோபியில் ‘மட்டாட்டு’ என்ற தனியார் சிற்றூர்திகளில் ஏராளமானோர் பயணம் செய்கிறார்கள். அவற்றின் பாதைகளுக்கு ஒழுங்கான வரைபடம் நெடுங்காலம் இருக்கவில்லை. நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்கள் கையில் போனுடன் வண்டிகளில் ஏறி, பாதையையும் நிறுத்தங்களையும் பதிந்தார்கள். 2014 இல் அது வரைபடமாக வெளிவந்தது. நகர நிர்வாகமும் அதை ஏற்றுக்கொண்டது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ்களை நினைத்துப் பாருங்கள். எங்கே நிற்கும் என்பது சாரதிக்கும் கொண்டக்டருக்கும் தினமும் ஏறுகிறவருக்கும் தெரியும். ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கு முதல் நாள் வரும் வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் நிற்கும் இடங்கள், நிழற்குடை உண்டா இல்லையா, பாடசாலை வாசலில் மஞ்சள் கோடு அழிந்துவிட்டதா என்பதெல்லாம் அந்த வீதியில் நடப்பவர் மட்டுமே தரக்கூடிய விபரம்.

“கூகுள் மேப் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, பயனும் உண்டு. ஆனால் அது ஒரு கம்பனியின் சொத்து. அதிலிருந்து விபரத்தை மொத்தமாக எடுத்து, வடிகான் வரைபடமாகவோ சுவரில் ஒட்டும் பஸ் வரைபடமாகவோ மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் அதைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பிரதி பண்ணுவதும் கூடாது. இதை உங்கள் குழுவுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். “பிள்ளைகள் பிழையாக வரைந்துவிடுவார்கள்” என்பது இதைவிடப் பெறுமதியான ஆட்சேபம். பிழை வரும். செய்மதிப் படத்தை மட்டும் பார்த்து வரைந்தால் நிச்சயம் வரும். மேலிருந்து பார்த்தால் வாய்க்கால் ஓரமும் வீதியும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே வீட்டில் இருந்து வரைந்ததை வீதியில் நடந்து சரிபாருங்கள். திறந்த வரைபடத்தில் ஒவ்வொரு மாற்றமும் யாருடைய கணக்கிலிருந்து எப்போது வந்தது என்பது பதிவாகிறது. பிழையைக் கண்டவர் அன்றே திருத்தலாம். அலுவலகக் கோப்பில் கிடக்கும் பிழைக்கு அந்த வசதி கிடையாது.

இனி, சபையின் வேலையை நாம் ஏன் சும்மா செய்ய வேண்டும் என்ற கேள்வி. பதிலை ஒரு துயரத்திலிருந்து தொடங்குகிறேன். 2024 நவம்பர் 26 ஆம் திகதி, காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியிருந்தபோது உழவு இயந்திரத்தில் போன அரபுக் கல்லூரி மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். ஒரு வரைபடம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன்; அப்படிச் சொல்வது அவர்களுடைய உம்மா வாப்பாவுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் எந்த வீதி, எந்த மதகு, எத்தனை அடி நீரில் எந்தெந்த மாரியில் மூழ்கியது என்ற பதிவு வருடா வருடம் திகதியோடு பொதுவில் இருந்தால், “எங்களுக்குத் தெரியாது” என்ற பதிலுக்கு இடமிராது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், சபையிடம் உள்ள விபரத்தைக் கேட்டுப் பெற வழி தருகிறது. நமது அட்டாளைச்சேனைப் பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்: சபைக்குரிய வீதிப் பட்டியல், தெருவிளக்கு விபரம், வடிகான் ஒதுக்கீடு. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டியது அவர் கடமை. பிரதான வீதி சபைக்குரியதல்ல, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. அதை அங்கேயே கேளுங்கள். கிடைத்த பட்டியலை நீங்கள் நடந்து பார்த்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டும் எங்கே முரண்படுகின்றனவோ அங்கேதான் உங்கள் கேள்வி இருக்கிறது. சபை உறுப்பினர்களில் நல்லவர்களுக்கும் இது உதவும்; நிதி கேட்கப் போகும்போது அவர்கள் கையிலும் ஒரு ஆதாரம் வேண்டுமே.

சில எச்சரிக்கைகள். நம் கரையோரத்தில் எல்லை என்ற சொல்லே சண்டை கிளப்பும். கல்முனையின் எல்லைப் பிரச்சினையைச் சொல்லத் தேவையில்லை. உங்கள் குழு எல்லைக் கோடு எதையும் தொட வேண்டாம். வீட்டுக்காரர் பெயர், போன் இலக்கம் எதையும் ஏற்ற வேண்டாம். வீதிப் பெயரை ஊரார் சொல்கிறபடி தமிழில் ஏற்றுங்கள், சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி இடம் திறந்த வரைபடத்தில் உண்டு. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி, நடக்கும்போதே “இங்கே விளக்கு உண்டா, நிழற்குடை உண்டா” என்று கேட்டு, பதிலை அந்த வரைபடத்தில் ஏற்றும். புதியவர்களுக்கு அது போதும்.

ஊர் முழுவதையும் ஒரே மூச்சில் வரைய முயல வேண்டாம். அட்டாளைச்சேனையிலிருந்து ஒலுவில் வரை பிரதான வீதியின் இரு பக்கமும் உள்ள பஸ் தரிப்பிடங்களை முதலில் முடியுங்கள். அதை ஒரு தாளில் அச்சிட்டுச் சபைக்கு ஒரு பிரதி, பாடசாலைகளுக்கு ஒவ்வொரு பிரதி கொடுங்கள். வடிகான்களை மாரி தொடங்குமுன் பாருங்கள்; மழை விழுந்த பிறகு அவை கண்ணுக்குத் தெரியாது.